அண்ணனின் திருத்தமும் நாயின் மாத்திரையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நானும் பாப்பாவும் நலம். அங்கே நீங்கள், அண்ணி, உங்கள் மூட்டுவலி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூட்டுவலியைக் கடைசியில் விசாரித்ததற்காகக் கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் அதுவே இருந்ததால், அதன் நலம் எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

வழக்கம்போலக் கடிதம் முழுவதும் ஒரே வாக்கியம். இத்தனை வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவருக்கு முற்றுப்புள்ளி வைப்பது சொத்தை விட்டுக்கொடுப்பது போல இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்ததில் நான் விளங்கிக்கொண்டது இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வருகிறீர்கள், என் வீட்டில் தங்கிக் கால்நடை மருத்துவம் படிக்கிற உங்கள் மகள் பாப்பாவைப் பெட்டியோடு அழைத்துப் போகிறீர்கள், இனி அவள் உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவாள். காரணம், அவளுடைய சிகிச்சை அறிக்கையைக் கல்லூரி இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டு தடவையும் சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டரம்மா ஓரத்தில் 'இதை எழுதியது யார்?' என்று மட்டும் கேட்டிருக்கிறார். "மாணவி எழுதியதென்று நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது, அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அந்தக் கேள்விக்குப் பொருள் அதுவல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்களுடைய இரண்டாவது புகார், அதே கல்லூரியில் நான் பொறுப்பேற்று நடத்துகிற எழுத்து அறையைப் பற்றியது. அங்கே பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்துக் கேள்வி கேட்கிறார்களாமே, கம்ப்யூட்டர் வேறு வாசித்துக் காட்டுகிறதாமே, நம் காலத்தில் இதற்குக் காப்பியடிப்பது என்று பெயர் என்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். எழுதுவது குளிப்பது மாதிரி. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்ய வேண்டியது, தலை துவட்டி உடை மாற்றிய பிறகுதான் வெளியே வர வேண்டும் என்று நம்பி வளர்ந்தவள். கல்லூரி முதல்வர் அந்த அறையை என் தலையில் கட்டியதற்கு ஒரே காரணம், அவருடைய சுற்றறிக்கை ஒன்றைப் பிழை திருத்தி நான் திருப்பி அனுப்பியதுதான். "மேடம், உங்களை விட்டா இதுக்கு வேற யாரு?" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அறையைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்பு எலும்புக்கூடுகள் வைத்திருந்த இடம் அது. எல்லாவற்றையும் அகற்றியவர்களால் குதிரையை மட்டும் வாசல் வழியாக வெளியே கொண்டுபோக முடியவில்லை, ஆகவே அது மூலையில் நின்று எங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் பெரிய மேசை, சுற்றிலும் கம்ப்யூட்டர்கள். ஒருத்தர் எழுதுவதைப் பொதுப்பக்கம் ஒன்றில் போட்டால் மற்றவர்கள் அவரவர் திரையில் திறந்து, புரியாத இடத்தில் ஓரமாகக் கேள்வி போடலாம். எழுதியதை வாசித்துக் காட்டும் குரல் ஒன்றும் உண்டு. பெண் குரல், ஆனால் ஈவிரக்கம் இல்லாதது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மற்றவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. படிக்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் கூடவே போய் 'நான் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று விளக்க முடியாதல்லவா, அதற்காக.

முதல் வாரம் நடந்ததைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரு மாணவி நாய் ஒன்றைப் பற்றிய அறிக்கையைப் பொதுப்பக்கத்தில் போட்டாள். கேள்வி மட்டும் கேளுங்கள், எழுத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். காலையில் ஆணாக இருந்த நாய் மதியத்துக்குள் பெண்ணாகி, வயது கூடி, ஒருத்தர் தயவில் கால் ஒடிந்து, இன்னொருத்தர் தயவில் அது கூடி, மாலையில் மணி அடிக்கும்போது ஒரு பத்தியில் இறந்தும் அடுத்த பத்தியில் வாலாட்டிக்கொண்டும் இருந்தது. ஒரு மாணவன் ஓரம் முழுக்க 'சூப்பர்' என்று எழுதியிருந்தான். நாய் செத்த இடத்திலும் சூப்பர். அன்று முதல் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். இந்தக் கூத்தை அப்படியே அச்செடுத்து முதல்வர் மேசையில் வைத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

பாப்பா மட்டும் தன்னுடையதைப் பொதுப்பக்கத்தில் போடவே இல்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் எதை எழுதினாலும் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிடுகிறாள். நீங்கள் திருத்தி வாசிக்க, அவள் கேட்டு எழுதிக்கொள்கிறாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்கும். "சரிப்பா. மேற்படியா? ஆமாப்பா. இங்கயும் மேற்படியா?" அதில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தையும் வீட்டையும் எழுதிக் களைத்த பிறகு, ஒரு கன்றுக்குட்டியின் வயிற்றுப்போக்கைப் பற்றி வரி வரியாக வாசித்துக் காட்ட எத்தனை அப்பாக்களுக்குப் பொறுமை உண்டு? ஆனால் 'கிழக்கே தண்ணீர்த் தொட்டியும் மேற்கே பொதுப்பாதையும் எல்லையாகக் கொண்ட கொட்டகையில் படுத்திருந்த மேற்படி கன்றானது' என்று அறிக்கை போனால், எழுதியது யார் என்று டாக்டரம்மா கேட்காமல் என்ன செய்வார்? கன்றின் நான்கு எல்லையும் அதில் இருந்தது. நோய்தான் இல்லை.

இனி உங்களுக்குத் தெரியாத செய்தி. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், சரியாகச் சாப்பிடாத தன் நாயைக் கூட்டிக்கொண்டு கல்லூரி மருத்துவமனைக்கு வந்தார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை பாப்பாவுக்கு. அவள் தானாக எழுதியது சின்னதாக இருந்தது: நாய்க்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, சாப்பாட்டில் மறைத்துக் கொடுங்கள், துப்பினால் மறுபடி கொடுங்கள். அவ்வளவுதான். படம் உங்களுக்கு வந்தது. பெரிய மனிதர் கைக்குப் போகிற தாள் 'நாய்' என்று தொடங்கலாமா என்று கேட்டீர்கள். துப்புவது என்பதெல்லாம் எழுத்தில் வருகிற சொல்லா என்று கேட்டீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டு, 'உரிமையாளராகிய தாங்கள் காலை ஆகாரத்துக்குப் பின் ஒன்றும் இரவு ஆகாரத்துக்குப் பின் ஒன்றுமாக மேற்படி மாத்திரைகளை யாதொரு தடங்கலுமின்றி உட்கொள்ளச் செய்ய வேண்டியது' என்று ஆக்கிக் கொடுத்தீர்கள். கண்டக்டர் சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தவர். யாதொரு தடங்கலுமின்றி அவரே உட்கொண்டார். மாத்திரை தீர்ந்ததும் நாயோடு திரும்பி வந்து டாக்டரம்மாவிடம், "எனக்கு நல்லா பசி எடுக்குதும்மா. அதுக்குத்தான் ஒண்ணும் தெரியல," என்றார்.

பயப்படாதீர்கள். அது வெறும் சத்து மாத்திரை. மனிதர்களைப் பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப்போய்க் காட்டி, ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டுதான் அவரை வீட்டுக்கு அனுப்பினோம். அவருக்குக் கோபமும் இல்லை. "தாளு ரொம்ப மரியாதையா இருந்துச்சு, அதான் எனக்குன்னு நெனச்சுட்டேன்," என்றார். கோபம் வந்தது டாக்டரம்மாவுக்கு. பாப்பாவைக் கூப்பிட்டு, இதை எழுதியது யார் என்று இந்தத் தடவை வாயாலேயே கேட்டார். அவள் "நான்தான்" என்றாள். செய்தி கேட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்ற எனக்கு உண்மை தெரியும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதே கண்டக்டர், பக்கத்தில் நின்று யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காமல், தாளை மட்டும் படித்துச் சரியாகச் செய்கிற மாதிரி எழுதிக் காட்டும் வரை வார்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. வார்டில் வேலை செய்யாதவர்களுக்குக் கடைசி ஆண்டு கிடையாது. உங்களிடம் அவள் 'ஏதோ எழுத்துப் பிரச்சினை' என்று சொன்னாளே, அது இதுதான்.

அவளுடைய போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் 'நெட்வொர்க் சரியில்லை' என்று நீங்கள் அண்ணியிடம் புலம்பியது என் கைங்கரியம். அவளை எழுத்து அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். 'மேற்படி' என்று அடித்தாள், அழித்தாள். திரும்ப அடித்தாள், திரும்ப அழித்தாள். அப்பா இல்லாமல் அவளுக்கு முதல் சொல் வரவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. நானே எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் 'அப்புறம்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். படிப்பில் சுமார், பிறர் பேச்சைக் கேட்பதில் அலுப்பே கிடையாது.

"எழுத வேணாம். எங்கிட்ட சொல்லு," என்றாள் அப்புறம்.

"என்னத்த சொல்ல? நாய் சாப்பிடல."

"அப்புறம்?"

"மாத்திரை கொடுக்கணும். தெரிஞ்சா திங்காது. சாப்பாட்டுக்குள்ள ஒளிச்சு வெக்கணும்."

"அப்புறம்?"

"வெச்சுட்டுத் தள்ளி நிக்கணும். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா அதுக்குச் சந்தேகம் வந்துரும். உங்கப்பா தலைமாட்டுல நின்னு பாத்தா உனக்கு எறங்குமா?"

அந்தத் தோழி சிரிக்கவில்லை. கேட்கக் கேட்கப் பொதுப்பக்கத்தில் அடித்துக்கொண்டே இருந்தாள். பாப்பா தற்செயலாகத் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது நான் எழுதலையே," என்றாள்.

"நீ சொன்னதுதான. பின்ன, நானா அந்த நாயப் பாத்தேன்?"

பாப்பா அதைப் படித்த விதம் எனக்கு மறக்காது. தெருவில் போகிற யாரோ ஒருத்தர் தன் சாயலில் இருப்பதைப் பார்த்தவள் மாதிரி படித்தாள். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான் செய்த ஒரு காரியத்துக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழைய தாளையும் புதிய தாளையும் அந்தக் கம்ப்யூட்டர் குரலை விட்டு அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னேன். 'உரிமையாளராகிய தாங்கள்' என்று தொடங்கிய குரல் எங்கும் நிற்க இடம் கிடைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் தலையாட்டி சிரித்தான், பிறகு அறையே சிரித்தது. பாப்பாவின் முகம் அழப்போகிற மாதிரி சுருங்கியது. கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். அண்ணா, அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்து அல்ல. கொஞ்சம் உங்களைப் பார்த்தும்தான். அந்தக் குரலுக்கு எழுதவும் தெரியாது, திருத்தவும் தெரியாது. நாம் எழுதியதை நாமே படித்தால், மனதில் இருப்பதையும் சேர்த்துப் படித்துவிடுகிறோம். அதற்கு நம் மனது தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும். அதனுடைய பயன் அவ்வளவுதான், அதற்கு மேல் மரியாதை கொடுக்க நான் தயாராக இல்லை.

நாங்கள் சொன்ன நாளில் கண்டக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குதிரைக்குக் கீழே நாற்காலி போட்டோம். நிஜ நாயை அறைக்குள் விட முதல்வர் சம்மதிக்காததால், ஒரு துண்டைச் சுருட்டி நாயாக வைத்திருந்தோம். டாக்டரம்மா கதவருகே நின்றார். கண்டக்டர் தாளைக் கையில் எடுத்து, சத்தமாக, டிக்கெட் கேட்கிற குரலில் படித்தார். 'மாத்திரையைச் சாப்பாட்டில் மறைத்து வையுங்கள்' என்ற இடம் வந்ததும், மாத்திரையைத் தட்டுக்கு அடியில் தள்ளி, "நல்லா மறைச்சாச்சு, யாரும் பாக்க முடியாது," என்றார். பாப்பா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து, "நான் தப்பா செஞ்சுட்டேனாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லக் கூடாது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு எழுத வந்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. மிகைப்படுத்துவது என் சுபாவம் இல்லை. ஆனால் தன் எழுத்து ஒருவருடைய கையை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். நீங்கள் திருத்திக் கொடுத்த அத்தனை பக்கங்களிலும் அவளுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் உங்களுக்கு எல்லாமே புரிந்துவிடுகிறது.

தாளை வாங்கி, 'சாப்பாட்டை ஒரு வாய் அளவுக்கு உருட்டி, நடுவில் மாத்திரையை வைத்து மூடுங்கள்' என்று மாற்றினாள். அவர் படித்தார், உருட்டினார், வைத்தார், துண்டுக்கு ஊட்டினார், தள்ளி நின்றார். எல்லாம் சரி. டாக்டரம்மா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது கண்டக்டர், "அது சரி. துப்பிட்டா?" என்றார். பாப்பா யாரையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், நீங்கள் எடுத்துவிட்ட அந்த வரியைக் கடைசியில் சேர்த்தாள். அவர் படித்துவிட்டு, "இத மொதல்லயே எழுதியிருக்கலாமே," என்றார். எழுதித்தான் இருந்தாள், அண்ணா.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. நாய் இப்போது சாப்பிடுகிறது.

இதற்காக நான் எழுத்து அறையின் பக்தையாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஓரத்தில் விழுகிற கேள்விகளில் பாதிக்கு மேல் குப்பை. நான்கு பேர் கூடினால் நல்ல வரி ஒன்றையும் சேர்த்துத் தூக்கி எறிகிறார்கள். தலையாட்டி இன்னும் சூப்பர் போடுகிறான். ஆனால் போன வாரம் 'சூப்பர், ஆனா மாடு எங்க?' என்று எழுதியிருந்தான், அதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒப்புக்கொள்வது இவ்வளவுதான்: எழுதுகிறவளுக்கு எதிரே, தான் சொல்வது புரியாத ஒருவர், எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்களோ நானோ அந்த இடத்தில் உட்கார முடியாது. அவள் பேசத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அவளை நாம் புரிந்துகொண்டுதான் இருக்கிறோம், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். பயணச்சீட்டை ரத்து செய்துவிடுங்கள். பாப்பா இங்கேயே இருப்பாள். அவளுக்கு ஆடு மாடுகள்தான் பிடித்திருக்கிறது, கடைசி வரை அந்த வேலைதான் செய்யப்போகிறாள். உங்கள் அலுவலகத்தில் எதிர் நாற்காலியில் உட்கார அவளுக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. உங்கள் மனம் நோகுமே என்று வெளியே சொல்லாமல் இருக்கிறாள். இனி அவள் எழுதுவது எதுவும் உங்களுக்குத் திருத்த வராது. இதை அவள் சார்பில் நான் முடிவாகவே சொல்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு மாடிப்படி இல்லாத வாழ்வும், உங்கள் வாக்கியங்களுக்கு அங்கங்கே இளைப்பாற ஓரிடமும் அமையட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்கு மரியாதை உள்ள,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பாப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, "பத்திரம் எழுதப் பிடிக்காதுன்னு நான் எப்ப அத்தை சொன்னேன்?" என்று கேட்டாள். "நீ சொல்லல. எனக்குத் தெரியும்," என்றேன். "அப்பாவும் இப்படித்தான் சொல்வாரு," என்றாள். ஆகவே அவளுக்கு எது பிடிக்கும், எங்கே இருப்பாள், என்ன ஆகப்போகிறாள் என்று மேலே நான் எழுதியிருப்பவை எதையும் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதா வேண்டாமா என்பதையும் நான் சொல்வதற்கில்லை. எல்லாவற்றையும் அவளே எழுதுகிறாளாம். இதைக் கிழித்துவிடவா என்று கேட்டதற்கு, கண்டக்டர் வருகிற பகுதி நன்றாக இருக்கிறது, அதற்காக அனுப்பலாம் என்றாள். இப்போது உள்ளறையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். காட்டு என்றேன், காட்டவில்லை. அது தனியாக வந்து சேரும். திருத்தாதீர்கள் அண்ணா. பதில் எழுதுங்கள்.